இடக்கைக்கு வேலை வைக்காத வண்டி

மோட்டார் சைக்கிளின் ஹேண்டிலில் இரண்டு கைகளுக்கும் ஒரே அளவு வேலை கிடையாது. வலக்கை ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டும். அதே நேரம் இரண்டு விரலை நீட்டி முன் பிரேக்கைப் பிடிக்கவும் வேண்டும். இடக்கைக்குக் கிளச். சிக்னல், ஹாரன், முன்விளக்கு ஆகியவை இடது கட்டைவிரலின் பொறுப்பு. கியரும் பின் பிரேக்கும் கால்களுக்குப் போய்விடுகின்றன. கையில் அடிபட்டவருக்காக வண்டியை மாற்றுவது என்றால் இந்தப் பங்கீட்டைக் கலைத்துவிட்டு, மிச்சமிருக்கும் விரல்களுக்கும் கால்களுக்கும் வேலையை மறுபடி பிரித்துக் கொடுப்பதுதான். எந்த உதிரிப்பாகம் வாங்குவது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

மலேசியாவின் பாகான் டத்தோவில் இந்த மறுபங்கீட்டுக்கு அவசரம் அதிகம். பேராக் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் முகத்துவாரத்துப் பகுதி அது. தென்னையும் செம்பனையும் நிறைந்த தாழ்நிலம். 2017 ஜனவரியில்தான் பேராக் மாநிலத்தின் 12ஆவது மாவட்டமாயிற்று. தெலுக் இந்தான் பெரிய மருத்துவமனைக்குப் போக ஏறத்தாழ 45 கிலோமீட்டர், ஈப்போவுக்கு நூறுக்கு மேல். தோட்டத்து லயத்திலிருந்து வேலைக்காட்டுக்குப் போவதும், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடுவதும், ஊத்தான் மெலிந்தாங்கில் சாமான் வாங்கி வருவதும் மோட்டாரில்தான். இங்கே மோட்டார் என்றால் இரண்டு சக்கர வண்டி. வேறு பொருள் கிடையாது. அதை ஓட்ட முடியாதவர் வேலையை மட்டும் இழப்பதில்லை. அடுத்தவர் பின்னால் உட்கார்ந்து போகக் காத்திருப்பவராகிவிடுகிறார். இருபது வருடம் குடும்பத்தையே பின்னால் ஏற்றிப் போனவருக்கு அது எவ்வளவு பெரிய இறக்கம் என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

கைக்குக் காயம் வரும் வழிகளும் அங்கே தனி. செம்பனைக் குலை வெட்டும் கொக்கிக் கத்தி நீண்ட கழியின் நுனியில் இருக்கிறது. வெட்டிய மட்டை எந்தப் பக்கம் விழும் என்று எப்போதும் கணிக்க முடியாது. மட்டையின் முள் விரல் மூட்டுக்குள் ஒடிந்து தங்கினால் வெளியே சிறு புள்ளி மட்டும் தெரியும். உள்ளே மூட்டு வீங்கி, மாதக்கணக்கில் மடங்காமல் விறைத்துவிடும். தேங்காய் உரிக்கிறவர் நிலத்தில் நட்ட கூர்முனையில் காயைக் குத்தித் திருகுகிறார். ஆண்டுக்கணக்கில் அந்தத் திருகல் மணிக்கட்டைத் தேய்க்கிறது. இவற்றுக்கு மேல் சாலை விபத்து. மோட்டாரிலிருந்து தூக்கி எறியப்பட்டுத் தோள் தரையில் மோதும்போது, கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கற்றை இழுபட்டு அறுந்தால் கை முழுவதும் செயலற்றுத் தொங்கும். உலகெங்கும் இந்தக் காயத்துக்கு முதன்மைக் காரணம் மோட்டார் சைக்கிள் விபத்துதான்.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நல்ல செய்தி உண்டு. அது 1958 ஆகஸ்டில் ஜப்பானில் தொடங்குகிறது. சொய்சிரோ ஹோண்டாவின் நிறுவனம் சூப்பர் கப் வண்டியை வடிவமைத்தபோது மனத்தில் வைத்திருந்த ஓட்டுநர், சோபா நூடுல்ஸ் கடையிலிருந்து வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் பையன். அவன் ஒரு கையில் தட்டை ஏந்தி, மறு கையால் வண்டி ஓட்ட வேண்டும். ஆகவே கிளச் பிடி எடுக்கப்பட்டது. எஞ்சின் சுழற்சி கூடும்போது தானாகப் பற்றிக்கொள்ளும் மையவிலக்குக் கிளச் வந்தது. கியர் பெடலை மிதித்தால் அந்த மிதியே கிளச்சை விடுவித்துக் கியரை மாற்றும். சிக்னல் சுவிட்சைக்கூட வலப்பக்கம் வைத்தார்கள், இடக்கை முழுதாகத் தட்டுக்கே இருக்கட்டும் என்று.

அதே 1958இல் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டாவின் விநியோக உரிமையைப் பெற்றார். வட மாநிலங்களில் ஹோண்டா வண்டியைப் 'பூன் சியூ' என்றே கூப்பிடும் அளவுக்கு அது பரவியது. 'கப்' என்ற பெயரோடு சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் ஒட்டிக் 'கப்சாய்' ஆனது. சி70இலிருந்து இஎக்ஸ்5 வரை தோட்டத்துத் தமிழர் ஓட்டிய வண்டிகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். நூடுல்ஸ் தட்டுக்காக விடுவிக்கப்பட்ட இடக்கை, தட்டே இல்லாத ஊரில் வேறொரு பயனுக்குக் காத்திருந்தது. இடக்கையில் வலுவிழந்தவர் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் கப்சாயில் ஏறிப் போக முடிகிறது. ஊனமுற்றவருக்கென்று சிறப்பாகச் செய்த எந்த வண்டியும் இவ்வளவு மலிவாக, இவ்வளவு ஊர்களில், இவ்வளவு மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த ஒன்றாக இருந்ததில்லை.

முழு விடுதலை என்றும் சொல்லிவிட முடியாது. இன்றைய இஎக்ஸ்5இல் சிக்னலும் ஹாரனும் இடக்கட்டைவிரலுக்கு வந்துவிட்டன. அந்த விரல் போனவர் சிக்னலுக்காகக் கையை முழுவதும் கைப்பிடியிலிருந்து எடுக்க நேரும். சுவிட்ச் பெட்டியை வலப்பக்கம் மாற்றுவது ஒரு மின்வேலை. வயரை நீட்டி, ஹேண்டில் முழுதாகத் திரும்பும்போது இழுபடாமல் கட்டினால் முடிந்தது. 1958இன் ஏற்பாட்டுக்கே திரும்புவதுதான் அது.

இளைஞர்களிடம் கதை வேறு. யமஹா ஒய்15இசட்ஆர் போன்ற வண்டிகளில் கைக் கிளச் உண்டு. இடக்கையில் அடிபட்டவர் அதை விற்றுவிட்டுக் கப்சாய்க்கு வருவது மானக்கேடு என்று நினைக்கிறார். அந்த நினைப்பைப் பழிக்கத் தேவையில்லை. பிடி சற்றே குறைந்திருந்தால் கிளச் வயரைப் புதிதாக்கி எண்ணெய் விடுவது, வயர் போகும் வழியில் கூரான வளைவை நீக்குவது, பிடியின் தூரத்தைக் குறைக்கும் திருகுள்ள லிவரை மாட்டுவது ஆகியவையே வியக்கத்தக்க அளவு உதவும். பழைய வயரின் உராய்வை மூட்டுவலி என்று பலர் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு மாறாக, சுற்றத்தார் தரும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றே: "பேசாம ஸ்கூட்டர் வாங்கிடு, கியரே இல்ல." கால் அடிபட்டவருக்கு அது சரியான சொல். கை அடிபட்டவருக்கு ஸ்கூட்டர் கப்சாயைவிடக் கடினம். ஸ்கூட்டரில் கால் பிரேக் கிடையாது. முன் பிரேக் வலக்கையில், பின் பிரேக் இடக்கையில். கியர் போடும் வேலையைக் காலிலிருந்து எடுத்த வண்டி, பிரேக் வேலையைக் கையின் மேல் ஏற்றிவிட்டது. இடது லிவரைப் பிடித்தால் இரு சக்கரமும் சேர்ந்து நிற்கும் கூட்டுப் பிரேக் உள்ள ஸ்கூட்டர், வலக்கைப் பிடி தளர்ந்தவருக்கு ஓரளவு பொருந்தும். இடக்கை தளர்ந்தவருக்கு அதுவும் பயன்படாது. இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் கடன் வாங்கி வண்டி மாற்றியவர்கள் உண்டு.

கடினமான பகுதி வலக்கை. இங்கே விரல் விரலாகப் பார்க்க வேண்டும். இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விரல்களுக்கு விலை வைத்தது: கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7. எழுதவும் கோக்கவும் எடுக்கவும் ஆன பொதுக் கைக்கு இந்த வரிசை பொருந்தலாம். ஹேண்டிலைப் பிடித்த கைக்குப் பொருந்தாது. வலப்பக்கக் கைப்பிடியில் பிரேக்குக்கு நீளுபவை ஆள்காட்டி விரலும் நடுவிரலும். ஆக்சிலேட்டரை இறுகப் பற்றி நிற்பவை மோதிர விரலும் சுண்டுவிரலும். சட்டம் 7 விழுக்காடு என்று மதிப்பிட்ட சுண்டுவிரல் போனவர், மேடுபள்ளமான தோட்டச் சாலையில் ஆக்சிலேட்டர் உள்ளங்கையில் வழுக்குவதை முதல் நாளே உணர்வார்.

ஆகவே மாற்றமும் விரலைப் பொறுத்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் போனவருக்குத் தடித்த, மென்மையான கைப்பிடி உறையும், உள்ளங்கையின் அடிப்பகுதி அழுத்தினாலே ஆக்சிலேட்டர் திரும்பும்படி கைப்பிடியில் மாட்டும் தட்டையான பலகையும் போதுமானவை. அந்தப் பலகை மாட்டினால் இறுகப் பிடிக்க வேண்டியதில்லை. கையை வைத்தாலே போதும். ஆனால் பிரேக் பிடிக்கும்போது அதே பலகை தவறுதலாக அழுந்தக் கூடாது, அதனால் அதன் கோணத்தை ஓட்டுநரை வண்டியில் உட்காரவைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆள்காட்டி, நடுவிரல் போனவர் நிலை எதிர்மாறு. மிச்சமுள்ள இரண்டு விரல்களும் பிரேக் லிவரின் நுனியைப் பிடிக்கின்றன. நெம்புகோல் விதிப்படி நுனியில் இழுத்தால் குறைந்த விசையே போதும், அது அவருக்குச் சாதகம். ஆக்சிலேட்டரைப் பற்ற அப்போது விரல் மிஞ்சாததால், நான்கு சக்கர ஏடிவி வண்டிகளில் உள்ளதுபோலக் கட்டைவிரலால் தள்ளும் ஆக்சிலேட்டர் வைத்துவிட்டால் கைப்பிடி அசையாமல் நிற்கும்.

எவ்வளவு விசை வேண்டும் என்பதை ஊகிக்காமல் அளக்கலாம். மீன் கடையில் தொங்கும் வில் தராசு ஒன்று போதும். அதன் கொக்கியை லிவரின் நுனியில் மாட்டி, பிரேக் முழுதாகப் பிடிக்கும்வரை இழுத்துப் பார்த்தால் முள் ஓர் எண்ணைக் காட்டும். பிறகு அதே கொக்கியில் சிறு கயிற்று வளையம் கட்டி, காயம்பட்ட கையின் விரல்களை அதில் நுழைத்து, லிவரை இழுப்பதுபோல மடக்கி இழுக்கச் சொல்ல வேண்டும். ஒருமுறை இழுத்தால் போதாது. பத்து முறை இழுத்துப் பத்தாவது முறை முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பத்தாவது எண், லிவர் கேட்கும் எண்ணுக்கு நல்ல இடைவெளியில் மேலே இருந்தால் ஓட்டலாம். இல்லையென்றால் லிவரை இலகுவாக்க வேண்டும். டிஸ்க் பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டரின் குறுக்களவைக் குறைப்பது ஒரு வழி: 14 மில்லிமீட்டருக்குப் பதில் 12.7 என்றால் பிஸ்டனின் பரப்பு குறைந்து, அதே அழுத்தத்துக்குத் தேவையான விசை ஏறத்தாழ 18 விழுக்காடு குறையும். பதிலுக்கு லிவர் கூடுதல் தூரம் உள்ளே வரும். விரல் மடங்காதவருக்கு அந்தத் தூரமே தடையாகிவிடும். இயந்திரத்தில் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. விசையா, தூரமா என்பதைக் கைதான் சொல்ல வேண்டும்.

வலக்கை அறவே உதவாதபோது ஆக்சிலேட்டரையும் முன் பிரேக்கையும் இடப்பக்கம் கொண்டுவர வேண்டும். கப்சாயில் இடது கைப்பிடி கிளச் வேலையின்றி இருப்பதால் இது நடக்கக்கூடியது. பட்டறையில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. வலப்பக்கத்து ஆக்சிலேட்டர் கூட்டை அப்படியே கழற்றி இடப்பக்கம் மாட்டினால், திரும்பும் திசை தலைகீழாகிவிடும். தன்னை நோக்கி முறுக்கினால் கூட வேண்டிய வேகம், முன்னோக்கி முறுக்கும்போது கூடும். பிரேக் பிடிக்கையில் உடம்பு முன்னால் சாய்கிறது, மணிக்கட்டும் கூடவே முன்னால் போகிறது. நிற்க வேண்டிய வண்டி பாயும். கண்ணாடிப் பிம்பம்போல மறுபக்கத்துக்கென்று கடைந்த கூடு வேண்டும், அல்லது இடப்பக்கத்துக்கென்று செய்த கட்டைவிரல் ஆக்சிலேட்டர் வேண்டும். விட்டால் தானாக மூடும் ஸ்பிரிங்கை எக்காரணம் கொண்டும் தளர்த்தக் கூடாது. வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இருபக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போது எஞ்சின் ஒலி ஏறினால் கேபிள் குட்டை. அந்த வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.

முன் பிரேக் டிரம் வகையாக இருந்தால் இடப்பக்க லிவரும் நீளம் சரியான வயரும் போதும். டிஸ்க் என்றால் வலப்பக்க மாஸ்டர் சிலிண்டரை இடப்பக்கம் திருப்பி மாட்ட முடியாது, எண்ணெய்க் கிண்ணம் தலைகீழாகும். இடப்பக்கத்துக்கே செய்த, குறுக்களவு பொருந்திய சிலிண்டரைத் தேட வேண்டும். பிரேக் விளக்கின் சுவிட்சையும் மறக்காமல் கூடவே மாற்ற வேண்டும்.

செலவை மிச்சப்படுத்த முன் பிரேக்கை அப்படியே விட்டுவிட்டு, "கால் பிரேக் போதும், தோட்டத்துக்குள்ளதானே" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. இதைவிட ஆபத்தான சிக்கனம் இல்லை. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. பின்சக்கரம் இலேசாகி வழுக்குகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி, பின் பிரேக்கால் மட்டும் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 3.5 மீட்டர் வீதம் வேகத்தை இழந்தால் நிற்க 40 மீட்டர் ஆகும். இரண்டு பிரேக்கும் சேர்ந்து அதை 7 ஆக்கினால் 20 மீட்டர். நடுவில் உள்ள 20 மீட்டரில்தான் சாலையைக் கடக்கும் பிள்ளை நிற்கிறது. தோட்டத்துக்குள் மட்டும் என்று தொடங்கிய வண்டி ஒரு மாதத்தில் பெரிய சாலைக்கு வந்துவிடும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஒரு கையால் ஓட்டுவதில் கப்சாய்க்கே உரிய குறை ஒன்றும் இருக்கிறது. முழங்கால்களால் இறுக்கிக்கொள்ள அதில் நடுவே பெட்ரோல் டேங்க் இல்லை. திடீரென்று நிறுத்தும்போது உடம்பின் சுமை முழுதும் ஒரே கையின் மேல் விழுந்து, ஹேண்டில் ஒருபக்கம் தள்ளப்பட்டு வண்டி கோணும். வழுக்காத சீட் உறையும், முழங்கை சற்றே மடங்கியிருக்கும்படி ஹேண்டிலைப் பின்னுக்கு வைப்பதும், வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் இதற்கான மாற்று. ஆஸ்திரேலியாவின் ஆலன் கெம்ப்ஸ்டர் 1990இல் விபத்தொன்றில் வலக்கையையும் வலக்காலையும் இழந்தவர். பின்னாளில் எல்லாக் கட்டுப்பாடுகளையும் இடப்பக்கம் சேர்த்துப் பந்தயம் ஓட்டினார். தன் வண்டிக்கு இட்ட எண் ½. கிளச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றையும் ஒரே கையில் ஆண்டவர் அவர். கப்சாய் ஓட்டுபவருக்கு அதில் ஒன்று தொடக்கத்திலேயே குறைந்திருக்கிறது.

செயற்கைக் கை பொருத்தியவர்கள் ஹேண்டிலோடு அதைக் கட்டிக்கொள்ள விரும்புவார்கள். இழுத்தால் உடனே விடுபடும் பிடியாக இருந்தால் மட்டுமே அதை அனுமதிக்கலாம். வண்டி விழும்போது கை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டால் வண்டியோடு ஓட்டுநரும் இழுபடுவார்.

பிடி இருந்தும் உணர்ச்சி போன கை இன்னொரு வகை. இதில் தமிழ்நாட்டுக்கு ஓர் அனுபவம் உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்து விரல்களை மீட்டவர். துருப்பிடித்த பூட்டைத் தன்னால் திறக்க முடியாமல் அவர் தடுமாறியபோது, ஒரு சிறுவன் வந்து சாவியை எளிதாகத் திருப்பினான். அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்ததை அவர் பார்த்தார். அவனுக்கு அது தெரியவே இல்லை. நோய் விரலைத் தின்பதில்லை, வலி தெரியாத விரல் தன்னையே சிதைத்துக்கொள்கிறது என்பதை அவர் நிறுவினார். அங்கே தொடங்கிய நவஜீவ நிலையத்தில் அத்தகைய கைகளுக்கு ஏற்றபடி கருவிகளின் பிடிகளை மாற்றித் தொழில் கற்பித்தார்கள். ஆக்சிலேட்டரை முறுக்குவதும் சாவி திருப்புவதுபோன்ற வேலைதான். நரம்பு அறுந்தவரும், நீரிழிவால் விரல் மரத்தவரும் அழுத்தத்தைப் பரப்பும் அகன்ற, மென்மையான பிடியையே வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டி முடித்து இறங்கியதும் உள்ளங்கையைக் கண்ணால் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

காலமும் கணக்கில் வர வேண்டும். தைத்த தசைநாண் கனமான இழுப்பைத் தாங்க வழக்கமாக 12 வாரம் ஆகும். அதற்குள் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் தையல் அறுந்து முதலிலிருந்து தொடங்க நேரும். நரம்பு ஒரு நாளில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்கிறது. மணிக்கட்டில் அறுந்தது விரல் நுனியை எட்ட ஆறு மாதம். ஆகவே முதல் மாதத்தில் செய்யும் மாற்றம் இறுதியானதாக இருக்கக் கூடாது. கழற்றி மாற்றக்கூடிய பாகங்களில் தொடங்கி, கை மீண்ட பிறகு வெட்டும் கடைசலும் செய்வது நல்லது.

சட்டத்தின் பக்கம் இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்ற ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் வேண்டும். உரிமத்துக்கு உடற்குறையை மறைக்காமல் தெரிவித்து மருத்துவச் சான்று காட்ட வேண்டும். உடற்குறையுள்ளோருக்கான வாகனங்களுக்கு ஏ, ஏ1 என்ற தனி உரிம வகைகள் உள்ளன. நடைமுறையில் அவை கால் வலுவற்றவர்களின் மூன்று சக்கர வண்டியை நினைத்தே புரிந்துகொள்ளப்படுகின்றன. காப்புறுதிக்கும் மாற்றத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் இழப்பீடு சிக்கலாகும். இரண்டாவது கதவு சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலையிடத்துக் காயம் மட்டுமல்லாமல், வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நேரும் விபத்தும் அதில் அடங்கும். செயற்கை உறுப்பும் மறுவாழ்வுச் சிகிச்சையும் அதன் உரிமைகள். வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் 2007 முதல் நடக்கிறது.

வேலைக்குத் திரும்புவதென்றால் பாகான் டத்தோவில் மோட்டாரில் திரும்புவது என்றே பொருள். மலாக்காவிலும் ஈப்போவிலும் சொக்சோ நடத்தும் மறுவாழ்வு மையங்களில் ரப்பர் பந்தை அழுத்தவும் ஆணியைத் துளையில் செருகவும் கைக்குப் பயிற்சி தரலாம். அதோடு ஒரு கப்சாய் ஹேண்டிலையும் மேசையில் பொருத்தி, ஆக்சிலேட்டர், லிவர், சுவிட்ச் எல்லாம் வேலை செய்யும்படி வைத்து, பக்கத்தில் ஒரு வில் தராசைத் தொங்கவிட வேண்டும். தெலுக் இந்தான் மருத்துவமனையின் பயிற்சி அறையிலும் அதற்கு இடம் இருக்கும். எந்த விரல் எவ்வளவு இழுக்கிறது என்ற எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளோடு வருபவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தோட்டத்து மெக்கானிக்குக்குப் புரியும்.